எதிராளி தேவையில்லை

— அதைத் தொடாதே மச்சான். பெயிண்ட் காயல.

— எதைத் தொட்டேன்? அக்காவோட தையல் மெஷினைத் தேடறேன் மாமா. அவ எழுதிக் கொடுத்த லிஸ்ட்ல மூணாவது. மெஷின் இருந்த இடத்துல இப்போ கடல் இருக்கு.

— மெஷின் கடலுக்கு அடியிலதான் இருக்கு. அந்த நீலத் துணியைத் தூக்கிப் பாரு. மெதுவா. மேஜை ஆடினா நாலு கப்பல் கவுந்துடும்.

— கல்யாணமே கவுந்தப்ப ஆடாத மேஜை மாமா இது. ஆடாது.

— வந்ததும் ஆரம்பிச்சுட்டியா?

— நான் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றவன். எதைத் திறந்தாலும் உள்ளே என்ன கெட்டுப் போயிருக்குன்னுதான் முதல்ல பார்ப்பேன். அக்கா வேற பஸ் டிப்போவுக்கு மாத்தல் வாங்கிட்டுப் போய் இன்னையோட நாப்பத்தோரு நாள். ஒரு போன் பண்ணீங்களா?

— அவளும் பண்ணல.

— அப்போ டிரா.

— கடல் போர்ல டிரா கிடையாது. விதி பத்தொன்பது.

— எழுதினது யாரு?

— நான்தான்.

— அதான பார்த்தேன். சரி, மெஷின் கெடச்சுது. அடுத்தது, சுவர்க் கடிகாரம். அதுக்குப் பின்னாடி எதுவும் போர் நடக்கலையே?

— மச்சான், கொஞ்சம் உக்காரு. அக்காகிட்ட ஒரு விஷயம் கேக்கணும். எனக்கு நேரா கேக்க ஒரு மாதிரியா இருக்கு. நீ கேட்டுச் சொல்லேன்.

— ஆ! இதுக்குத்தான் காலையிலேந்து காபியைப் போட்டுக் கொடுத்து என் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தீங்களா? சொல்லுங்க மாமா, தாராளமா சொல்லுங்க. திரும்பி வருவாளான்னு கேக்கணும், அதானே?

— சனிக்கிழமை மட்டும் வந்து இந்த மேஜையைத் தூசி தட்டிட்டுப் போக முடியுமான்னு கேக்கணும்.

— கருவிப் பெட்டி எங்க மாமா இருக்கு?

— என்ன தேடறே?

— சுத்தியல். லிஸ்ட்ல இல்ல. இருந்தாலும் ஒரே ஒரு தடவை உபயோகிச்சுட்டு இங்கயே வச்சுட்டுப் போயிடறேன்.

— சொல்றதை முழுசாக் கேளு. அவ தட்டினா அது தனி. நானும் நாப்பது நாளா தட்டிப் பார்க்கிறேன். தூசி போகுது. ஆனா ஆட்டம் வரல.

— மாமா, நீங்க பல் செட்டு செய்யறவர். இந்த ஊர்ல பாதிப் பேர் நீங்க செஞ்ச பல்லாலதான் சிரிக்கிறாங்க. அவங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்து இதைச் சொன்னா பல்லைக் கழட்டி வச்சுட்டுச் சிரிப்பாங்க. தூசி தட்ட பொண்டாட்டியா?

— உனக்கு இந்த ஆட்டம் புரியாது, அதான் இப்படிப் பேசறே. இங்க பாரு. இந்த நீலக் கப்பலெல்லாம் என்னோடது. கறுப்பு, எதிரி. விரல் நீளம்தான், ஆனா ஒவ்வொண்ணுலயும் ஜன்னல் எண்ணிக்கை சரியா இருக்கும். பீரங்கி ஊசி முனையில தள்ளினா திரும்பும். எனக்கு எதிரே உக்கார ஆள் கிடையாது. அதனால எதிரியை நடத்த நானே ஒரு முறை கண்டுபிடிச்சேன். ரெண்டு பகடை உருட்டணும். வர்ற எண்ணுக்கு அட்டவணையில பார்க்கணும். துரத்து, விலகு, சுடுன்னு போட்டிருக்கும். அதைப் புத்தகமாவே போட்டேன். 'எதிராளி தேவையில்லை'.

— தெரியும் மாமா. எனக்கு ஒண்ணு கொடுத்தீங்க. ஒரு ஃபிரிட்ஜ் ஆடிட்டு இருந்தது, அதோட காலுக்கு அடியில சரியாப் பொருந்திச்சு.

— அந்த முறைப்படி என் கறுப்புப் படை ஆடின ஆட்டத்தை நாலு வருஷமா எழுதி வச்சிருக்கேன். மனுஷனால அப்படி யோசிக்க முடியாது மச்சான். ஒரு தடவை பின்வாங்கற மாதிரி நடிச்சு, என்னைத் தீவுக்குப் பின்னாடி இழுத்து, மூணு பக்கமும் சுத்திட்டு நின்னுது. வெறும் பகடை! இப்போ ஒரு பொம்மைக் கம்பெனி அதைப் பெட்டியில போட்டு விக்கறேங்குது. சனிக்கிழமை வந்து ஆட்டத்தைப் பார்க்கிறாங்க. ஞாயித்துக்கிழமை மறுபடி வருவாங்க, ராத்திரியில எதிரி என்ன செஞ்சிருக்குன்னு பார்க்க.

— ராத்திரியில எதிரி எதுக்குங்க எதையாவது செய்யணும்?

— விதி பதினாலு. நீரோட்டம். ஆட்டத்தை முடிக்காம அப்படியே விட்டுட்டுத் தூங்கப் போகணும். மறுநாள் சாயங்காலத்துக்குள்ள எதிரிக் கப்பல் ரெண்டு விரல் வரைக்கும் தானா நகர்ந்திருக்கும்.

— தானாவா?

— தானா.

— மாமா, இதைப் படிச்சவங்க யாரும் உங்களைத் தேடிட்டு வரலையா?

— கடிதம் எழுதினாங்க. ஒருத்தர், 'ஐயா, எங்கள் வீட்டில் கப்பல் நகரவில்லை'ன்னு எழுதினார். நிதானமா இருங்கன்னு பதில் போட்டேன். இன்னொருத்தர் ஜன்னலைத் திறந்து வச்சுப் பார்த்திருக்கார். படையே கீழே விழுந்துடுச்சு. ஒரு டாக்டர் மூணு வாரம் காத்திருந்துட்டு, தன் வீட்டுக் கறுப்புப் படை வட்டமடிச்சு கரையில ஏறி நிக்குதுன்னு கோவமா எழுதினார். பகடையைக் கம்பளித் துணி மேல உருட்டுங்கன்னு சொன்னேன்.

— அதுக்கப்புறம்?

— கம்பளித் துணி மேல உருட்டினாராம். மறுபடியும் வட்டம்தான்.

— நம்ம வீட்டுல?

— நாப்பது நாள் முன்னாடி வரைக்கும் பிரமாதம். அதுக்கப்புறம் இங்கயும் வட்டம். ஒன்பது போர் தொடர்ந்து ஜெயிச்சுட்டேன். செத்த மீனைச் சுடற மாதிரி இருக்கு.

— நாப்பது நாள் முன்னாடி இந்த வீட்டுல வேற என்ன நடந்துதுன்னு ஏதாவது ஞாபகம் வருதா?

— அதான் சொல்றேனே, தூசி தட்டறது நின்னு போச்சு.

— என்னத்தைச் சொல்ல. ஒண்ணு கேக்கறேன், நூல் வச்சு அளந்து அளந்து கப்பலை நகர்த்தறவர் நீங்க. ஒரு கப்பல் ரெண்டு விரல் தள்ளி நின்னா, உங்க கண்ணுக்கு எப்படி நீரோட்டமாத் தெரிஞ்சுது?

— கடல்னா ஓடும்தானே.

— இது ஒட்டுப் பலகை மேல விரிச்ச துணி மாமா. இது எங்க ஓடும்? அது சரி, இந்த நோட்டு என்ன, பக்கம் முழுக்க ஈ உக்காந்துட்டுப் போன மாதிரி?

— கீழே வை. அது என் போர்க் குறிப்பு. ஒவ்வொரு நகர்வையும் அளந்து பார்த்து, சரியா இருந்தா அந்த வரிக்கு நேரா ஒரு சாம்பல் புள்ளி வைப்பேன். கப்பலுக்கு ஜன்னல் போடற ஒத்தை முடி பிரஷ்ல.

— தப்பா இருந்தா?

— சிவப்பு. விதிமீறல். அந்தக் கப்பல் மேஜையை விட்டுப் போயிடணும்.

— தனியா ஆடறீங்க. நீங்களே நகர்த்தறீங்க. யாருக்கு மாமா இந்தப் புள்ளி?

— அளக்காம விட்டது நகர்வே இல்ல மச்சான். நீலமோ கறுப்போ, ஒரு வரி புள்ளியில்லாமக் கிடந்தா எனக்கு அன்னைக்குத் தூக்கம் வராது. எந்திரிச்சு வந்து வச்சுட்டுத்தான் படுப்பேன். வேணும்னா உங்க அக்காவைக் கேளு.

— அக்கா எழுதியே கொடுத்திருக்கா. ஏழாவது அயிட்டம். 'சமையலறை மேல் அலமாரி, மாவு டப்பாவுக்குப் பின்னால், நீல அட்டை நோட்டு. மறக்காதே.' மறக்காதேக்கு அடியில ரெண்டு கோடு. மெஷினுக்குக்கூடக் கோடு கிடையாது.

— அதை விடு. பழைய பஸ் டைம் நோட்டா இருக்கும். நான் கூரியர்ல அனுப்பறேன்.

— வண்டி வாசல்ல நிக்குது. கூரியர் எதுக்கு?

— மேல ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. உன் சட்டை பாழாயிடும்.

— மெக்கானிக் சட்டை மாமா. பாழாறதுக்குன்னே தைச்சது. இருங்க… டப்பா… ம், கெடச்சுது. பின்னால செருகி வச்சிருக்கா.

— சரி, பையில போட்டுட்டு வா. காபி இன்னொரு தடவை போடறேன்.

— 'கறுப்பு மூணு, கிழக்கே ரெண்டு விரல். கறுப்பு ஏழு, தீவுக்குப் பின்னால், மூக்கு மட்டும் வெளியே.' மாமா! இது பஸ் டைமா?

— பையில போடுன்னு சொன்னேன்ல.

— 'அவர் இன்று தெற்கே வருவார். வரட்டும். நாளை வழி அடைக்கலாம்.' அடிப்பாவி அக்கா. இருங்க, போன் போடறேன்.

— வேண்டாம் மச்சான், அவ டூட்டியில இருப்பா.

— ரிங் போகுது. ஹலோ, அக்கா? ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். மாமா பக்கத்துல நிக்கறார்.

— பன்னெண்டு பத்துக்கு ஆறாம் நம்பர் கிளம்பணும். எட்டு நிமிஷம் இருக்கு. மெஷின் ஊசியைக் கழட்டி வச்சியா?

— ஊசி கெடக்கட்டும். நீல நோட்டைப் படிச்சுட்டேன்.

— உன்னை எடுத்துட்டு வரச் சொன்னேன். படிக்கச் சொல்லல.

— கறுப்புப் படையை ஆட்டினது நீயா?

— பக்கத்துல நிக்கறாரா?

— நிக்கறார். காபி டம்ளரைத் துடைச்சுட்டு நிக்கறார். காஞ்ச டம்ளர்.

— கேள்வி எனக்குத்தான்னா, நானே பதில் சொல்றேன். ஆமா. நாலு வருஷமா நான்தான்.

— நீயா?

— ஏன், நம்ப முடியலையா? தினம் நாப்பத்தெட்டு பஸ்ஸை ஒண்ணுக்கொண்ணு முட்டாம ஊரைச் சுத்த விடறவ நான். ஒன்பது மரக் கப்பலை ஒரு மேஜையில சுத்த விட முடியாதா?

— எப்படிக்கா? எப்போ?

— இவர் பல் செய்யற லேபுக்குப் போனப்புறம், நான் மதியம் டூட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி. முதல் தடவை வேணும்னு செய்யலடா. தூசி தட்டறப்ப துணி பட்டு ஒண்ணு நகர்ந்துடுச்சு. பழைய இடம் தெரியல. பயந்துட்டு இருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்துட்டு, சாப்பிடறப்ப ஒரு மணி நேரம் பேசினார். எதிரி எப்படி யோசிச்சிருக்கு பாரு, என்ன தைரியம் பாருன்னு. அந்த வீட்டுல ஒரு மணி நேரம் சேர்ந்தாப்ல பேச்சு கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?

— அதனால மறுநாளும் நகர்த்தினே.

— விதிப் புத்தகத்தைப் படிச்சுட்டு நகர்த்தினேன். ரெண்டு விரலுக்கு மேல போனதே இல்ல. தினம் சாயங்காலம் வந்து என்னைப் பத்திதான்டா பேசுவார். அவருக்குத்தான் அது நான்னு தெரியாது.

— கேக்கறீங்களா மாமா? வாயைத் திறங்க.

— …ஜெயிச்சதெல்லாம்?

— உங்களுக்கு அதான் கேக்கத் தோணுது பாருங்க. ஜெயிச்சதெல்லாம் நீங்கதான். நான் மூணாவது மாசமே உங்களை முடிச்சிருக்கலாம். தோத்தா ரெண்டு நாள் பேச மாட்டீங்க. அதனால ஒவ்வொரு போர்லயும் கடைசியில ஒரு தப்பு பண்ணுவேன். எங்க பண்ணேன்னு நோட்டுல குறிச்சிருக்கேன். எண்பத்தி மூணு தப்பு.

— அக்கா, இந்த நோட்டைப் பெட்டியில போட்டு விக்கச் சொல்லுவோம். இப்போ சொல்லு, அப்புறம் ஏன் போனே?

— மூக்கறுந்த கப்பல் தெரியுமா உனக்கு? கறுப்புலயே சின்னது. ஒரு தடவை என் கையால உடைஞ்சு, நகப் பாலிஷ் போட்டு ஒட்டினேன். அது எப்பவும் என் கப்பல். இவர் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டுட்டு, எதிரியைப் பத்தி மட்டும் பேசறது ஒரு கட்டத்துல சலிச்சுப் போச்சுடா. சரி, வாயால சொல்ல வராததை இவர் பாஷையிலயே சொல்லுவோம்னு நெனச்சேன்.

— என்ன பண்ணே?

— மூக்கறுந்ததை மட்டும் தனியா எடுத்து, தினம் ரெண்டு விரலா, நடுக்கடல்ல நேரா இவரோட பெரிய நீலக் கப்பலைப் பார்த்து நகர்த்தினேன். பதினோரு நாள். போய்ப் பக்கத்துல நிறுத்தினேன். பீரங்கி எல்லாத்தையும் ஊசியால பின்பக்கம் திருப்பிட்டேன். எந்தப் பகடையாவது அப்படிச் செய்யுமா? எந்த நீரோட்டமாவது பீரங்கியைத் திருப்புமா? சின்னப் புள்ளைக்குக்கூடப் புரிஞ்சிருக்கும், எதிரே ஒரு ஆள் நிக்குதுன்னு.

— அப்புறம்?

— மூணு நாள் அப்படியே நின்னுது. மூணு நாளும் சாப்பாட்டுல ஒரு வார்த்தை பேசல. நாலாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குள்ள வந்தேன். 'எட்டு பீரங்கி, ஒரே தடவை, முழுகிடுச்சு'ன்னார். விசில் அடிச்சுட்டே கை கழுவினார். மறுநாள் மாத்தலுக்கு எழுதிக் கொடுத்தேன்.

— மாமா, உங்க பொம்மைக் கப்பல் சங்கப் பத்திரிகையில 'துணிச்சலான முடிவு'ன்னு எழுதினீங்களே, அது இதுவா?

— எனக்கு எப்படித் தெரியும் மச்சான்? எதிரிக் கப்பல் பக்கத்துல வந்து நிக்குது. நான் என்ன பண்ணுவேன்?

— என்னங்க, இங்க பாருங்க. அவனை விடுங்க, எனக்குப் பதில் சொல்லுங்க. நாப்பத்தோரு நாளா ஒண்ணே ஒண்ணுதான் என் மண்டையைக் குடையுது. பார்க்கத் தெரியாதவர்னா, அது ஒரு விதம். கண் இருக்கிறது விரல் நீளத்துக்குத்தான்னு நெனச்சுட்டுப் போயிடுவேன். அந்த மாதிரி ஆளோட நான் பதினாறு வருஷம் இருந்தவதானே. ஆனா பார்த்துட்டு, புரிஞ்சுட்டு, அப்புறம் சுட்டீங்கன்னா அது வேற. அதுக்கு மேல பேச எனக்கு ஒண்ணும் இல்ல. சொல்லுங்க, தெரியுமா தெரியாதா?

— தெரியாது.

— நான்தான்னு ஒரு நாள்கூடத் தோணலையா?

— சத்தியமாத் தோணல. நீரோட்டம்னுதான் நெனச்சேன். தெரிஞ்சிருந்தா சுட்டிருப்பேனா?

— இருங்க.

— லைன்ல இருக்கியா?

— இருக்கேன். ஆறாம் நம்பர் டிரைவரைக் கையைக் காட்டி நிறுத்தி வச்சிருக்கேன். மூணு நிமிஷம் லேட்டு. என் சர்வீஸ்லயே முதல் தடவை.

— சனிக்கிழமை பொம்மைக் கம்பெனிக்காரங்க ஆட்டத்தைப் பார்க்க வராங்க…

— தெரியும், தூசி தட்டணும். நீங்க வாயைத் திறந்தா முதல்ல அதுதான் வரும்னு தெரியும். சிரிக்காதேடா அங்க.

— நான் சிரிக்கலக்கா. அழற சத்தம் எனக்கு அப்படித்தான் வரும்.

— ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். வந்தா மேஜைக்கு எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டு உக்காந்துதான் ஆடுவேன், கம்பெனிக்காரங்க முன்னாடியே. புத்தகத்துக்கு வேற பேர் வச்சுக்கோங்க.

— வச்சுக்கறேன். எதிர்ப்பக்கம் நாற்காலி இப்பவே போடறேன்.

— மெஷினை வண்டியில ஏத்திட்டியாடா?

— இன்னும் இல்ல.

— ஏத்தாதே. இருந்த இடத்துலயே வை. சனிக்கிழமை ரெண்டு நாப்பது வண்டியில வரேன்.

— அப்பாடா! கடிகாரம்?

— அதுவும் அங்கயே இருக்கட்டும். நோட்டை மட்டும் கொண்டு வா. கடைசிப் போர் பாதியில நிக்குது, அதைப் படிச்சுட்டு வரணும்.

— இந்தா, கவர் போட்டு எடுத்து வைக்கிறேன். ஒரே பூஞ்சையா இருக்குக்கா உன் நோட்டு.

— ஆமாடா. சின்க்குக்கு மேலதான அந்த அலமாரி, ஈரம். ஆரம்பத்துலேந்தே அப்படித்தான், ஊசி முனை ஊசி முனையா வரும். துடைச்சா போகாது.

— மச்சான், குடு. நான் நல்ல கவரா பார்த்துப் போடறேன்.

— இருங்க மாமா. எனக்குப் பூஞ்சை தெரியும், அது என் தொழில். வரிக்கு ஒண்ணா, வரிக்கு நேரா முளைக்கிற பூஞ்சையை எந்த ஃபிரிட்ஜ்லயும் பார்த்ததில்ல.

— குடுன்னு சொல்றேன்ல.

— கையை எடுங்க. அக்கா… நகத்தால சுரண்டினா தூளா வருது. இது பெயிண்ட்.

— என்ன கலர்?

— சாம்பல்.

— எந்தப் பக்கத்துலேந்து?

— முதல் பக்கம். முதல் வரிக்கே இருக்கு. எல்லா வரிக்கும் இருக்கு, நீ ஒவ்வொரு போர்லயும் பண்ண அந்தத் தப்புக்குக்கூட. நாலு வருஷமும் அளந்திருக்கார்க்கா.

— மச்சான், போனை வை. நான் நேர்ல அவகிட்ட சொல்லிக்கறேன்.

— கடைசி வரியைப் படிடா.

— 'மூக்கறுந்தது. அவர் பக்கத்தில். பீரங்கி திருப்பியாச்சு. இன்றும் காத்திருப்பு.'

— அதுக்கு நேரா புள்ளி இருக்கா?

— இருக்கு.

— என்ன கலர்?

— சிவப்புக்கா.